முதலில் பச்சைத் தண்ணீர்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிக்கொண்டிருந்தபோது லைன் அறுந்து போகவில்லை. நான்தான் போனை வைத்தேன். கோலா பிலா பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவில் லைன் சரியாகக் கிடைக்காது என்று நீ நம்பியிருப்பாய், அல்லது நம்பியதுபோல் இருந்திருப்பாய். உன் விஷயத்தில் எது எது என்று இப்போதெல்லாம் எனக்குப் பிடிபடுவதில்லை. "அப்பா, மந்தினுக்கே வந்துடுங்க, ஒரேயடியா வந்துடுங்க" என்றாய். அதற்கு "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன். அதற்கு அடுத்து நீ கேட்ட இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். புலனத்தில் குரல் பதிவு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். அழித்து அழித்துப் பேசி, கடைசியில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதுதான் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதனால் எழுதுகிறேன். வருவதா வேண்டாமா என்பதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கும். முதலில் போய் அதைப் பார்த்துவிடாதே. பேத்தி யாழினி தூங்கும் நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் உன்னைக் கொஞ்சம் புகழ வேண்டும். நம் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது என்பது உனக்கே தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் பரிசுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, "சரி, கை கழுவிட்டு வந்து சாப்பிடு" என்று சொன்னவன் நான். உன் அம்மாதான் அந்தக் கோப்பையை சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் இருந்தவரை உன்னைப் பாராட்டும் வேலையை அவளிடமே விட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். இப்போது அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. பழகாத கை, கொஞ்சம் கோணல் மாணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு அறுவை சிகிச்சை ஆன பிறகு உன் வீட்டுக்கு வந்தேனே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். ஆண்களுக்கு வயதானால் வரும் அந்த உபாதைதான், மூத்திரப் பையின் வாசலில் சுரப்பி வீங்கி அடைத்துக்கொண்டது. மருத்துவர் குழாயை எடுத்துவிட்டு என்னிடம் பேசியபோது, காரை எடுத்து வா என்று உன்னை வெளியே அனுப்பிவிட்டேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். கொஞ்ச காலத்துக்குக் கட்டுப்பாடு இருக்காது, தானாகக் கசியும், பலருக்கு நின்றுவிடும், சிலருக்கு முழுதாக நிற்காது என்றார். நீ வந்து, "டாக்டர் என்னா சொன்னாரு?" என்று கேட்டாய். "எல்லாம் சரியாயிடுச்சாம்" என்றேன். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற உன் வீட்டில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது யாழினி தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. நீ நீலாய் தொழிற்சாலையில் பிற்பகல் ஷிப்டு. மருமகள் கவிதா காலையிலேயே சிரம்பானில் பல் கிளினிக் வேலைக்குப் போய்விடுவாள். காலை முழுதும் குழந்தை உன் பொறுப்பு. நீ கிளம்பி அவள் வந்து சேரும்வரை நடுவில் ஒரு மணி நேரம் போலக் குழந்தை என் பொறுப்பு. கனம் தூக்கக் கூடாது என்பதால் பாயிலேயே போட்டு, பாயிலேயே துடைத்து, பாயிலேயே மாற்ற வேண்டும். கடையில் வாங்கும் டயப்பர் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளைக்குத் தொடை இடுக்கெல்லாம் சிவந்து தோலுரிந்து போனதையும், கவிதா அழுததையும், நீங்கள் இருவரும் துணி டயப்பருக்கு மாறியதையும் போனில் கேட்டிருந்தேன். துணி என்றால் உன் அம்மா என் பழைய கைலியைக் கிழித்து உனக்கு முடிந்துவிட்டாளே, அந்த லம்பின் துணி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அதைத் துவைப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கப் போகிறது என்றும் நினைத்தேன்.

முதல் நாள் காலையில் காப்பியோடு பின்பக்கம் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நீர் கசியாத வெளி உறை ஒன்று, அதற்குள் செருகும் தடித்த உள்பட்டை ஒன்று, இடுப்பில் பூட்ட வரிசையாகப் பட்டன்கள். நீ ஒவ்வொன்றாக உள்பட்டையை உருவி எடுத்தாய். மலம் பட்டதைக் கழிவறையிலேயே குழாயால் பீய்ச்சிக் கழுவிய பிறகுதான் வெளியே கொண்டுவந்தாய். எல்லாவற்றையும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசினாய். அதற்குப் பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும். அதற்கும் பிறகு நுரை நிற்கும் வரை அலசல். மெஷின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "இன்னும் நுரை கட்டுது பாரு" என்று அதனிடமே பேசினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய் மில்லில் பாய்லரோடு பேசிப் பேசியே வேலை பார்த்தவன் நான். அந்தப் புத்தி உனக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

"கொஞ்சம் வாசனைத் திரவம் ஊத்தலாம் இல்ல?" என்று கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது துணி மேல படிஞ்சிடும் அப்பா. அப்புறம் ஈரத்தை உறிஞ்சாது" என்றாய். உள்பட்டைகளை ஈரத்தோடு நேர் வெயிலில் போட்டாய், மஞ்சள் கறையை வெயிலே எடுத்துவிடும் என்று. உறைகளை மட்டும் நிழலில், காற்றாடும் பக்கம் மாட்டினாய், சூடு பட்டால் அதன் உள்பூச்சு வெடித்துப்போகும் என்று. மந்தின் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டாம், பேருந்து நேரத்தை நம்பினாலும் அதை நம்ப முடியாது. சோற்றில் கை வைத்திருப்பாய், தூரத்தில் இடி குமுறினால் போதும், எச்சில் கையோடு கொடிக்கு ஓடுவாய். அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்காதது. துணி நனைந்தால் மறுபடி காயும். சாப்பாட்டை முடித்துவிட்டுப் போ. இதைப் புத்திமதியாகவே எடுத்துக்கொள்.

ஆனால் நான் பார்த்துப் பார்த்து வியந்தது வேறு. அந்த வேலையைச் செய்யும்போது நீ யாருக்கோ உபகாரம் செய்கிற முகத்தோடு செய்யவில்லை. "இன்னிக்கு நான்தான் துவைச்சேன்" என்று கவிதாவிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. நம் தோட்டத்தில் ஒருவன் மனைவிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் ஒரு வாரம் அதைப் பேசுவான், நான் உட்பட. நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரக் கையோடு, பிள்ளை பாயில் கிடந்து காலை உதைப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிழிந்து போட்டாய். என் மகன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். "அந்த மூலையில ஒண்ணு கோணலா தொங்குது" என்றுதான் சொன்னேன்.

அப்புறம் நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். என்னிடம் பிள்ளை இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. தோல் வறண்டு கிடக்கிறதே என்று தினமும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, ஆறவைத்து, உடம்பெல்லாம் நீவிவிட்டேன். துடைத்து எடுத்த பிறகும் தொடை இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் இன்னொரு கை தடவி, அதன்மேல் உன் துணி டயப்பரைக் கட்டினேன். அவளும் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நாளில் துணிகள் கசிய ஆரம்பித்தன. கட்டிய சற்று நேரத்திலேயே தொடை வழியாக வழிந்து பாய் நனைந்தது, கவிதாவின் மடி நனைந்தது, ஈரம் தோலிலேயே நின்று பழைய சிவப்பு மறுபடி வந்தது. எனக்குக் கட்டத் தெரியவில்லையோ என்று பட்டனை இறுக்கினேன். பிள்ளைக்கு இடுப்பில் தடம் விழுந்ததுதான் மிச்சம். கவிதா பாயைத் துடைத்துவிட்டு வேறு துணி கட்டினாள். ஆனால் ஒரு நாள் குசினியில் சமைத்துக்கொண்டே உன்னிடம், "கடையிலயே வேற ஏதாச்சும் வாங்கிப் பாப்போமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. என் ஒரு மணி நேரம் கைவிட்டுப் போகப் போகிறது என்று பயந்தேன்.

நீ ஒரு சனிக்கிழமை காலை, துவைத்துக் காய்ந்த உள்பட்டை ஒன்றை மேசைமேல் விரித்து, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாய். அது உள்ளே இறங்கவில்லை. கெலாடிச் சேம்பு இலைமேல் நிற்பது மாதிரி முத்தாக உருண்டு நின்றது. நீ குனிந்து துணியை முகர்ந்தாய்.

"அப்பா, குட்டிக்கு என்னா பூசுறீங்க?"

"தேங்காய் எண்ணெய். வேற என்னா பூசுவாங்க?"

"தொடைச்ச பிறகுமா?"

"தொடைச்ச பிறகு கொஞ்சமா. தோல் காஞ்சு கெடக்குதே."

நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பில் ஒரு துளி ஏளனம் இல்லை. "மில்லுக்காரர் கைன்னா சும்மாவா? துணி பூரா எண்ணெய் ஏத்தி வெச்சிருக்கீங்க லா" என்றாய். எனக்கு வந்த வெட்கத்தை என்ன சொல்ல! ஆயுள் முழுதும் செம்பனை எண்ணெயில் ஊறியவன் நான். எண்ணெய் பட்ட துணியில் தண்ணீர் ஒட்டாது என்பது என் வேலை உடுப்பைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த உடுப்பை நான் உடுத்தினேனே தவிர, துவைத்தவள் உன் அம்மா. பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவன் நீ. அவள் சுடுதண்ணீரில் கட்டி சவர்க்காரத்தைக் கரைத்து ஊறவைத்து, பிசுக்கு விடும்வரை மாற்றி மாற்றி அலசியதை நீ மறக்கவில்லை. அன்று பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைச் சுடுதண்ணீரில் விட்டு உள்பட்டைகளை அலசினாய். தண்ணீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்ததை எனக்குக் காட்டினாய். மத்தியானம் காய்ந்த துணியில் மறுபடி ஒரு சொட்டு விட்டாய், அது விழுந்த இடத்திலேயே மறைந்தது. நாம் இருவரும் கை தட்டினோம். யாழினியும் ஏதோ புரிந்தது போலக் கத்தினாள்.

எண்ணெய்ப் போத்தலை நீ ஒளித்து வைத்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். நீ அப்படிச் செய்யவில்லை. "பூசுங்க அப்பா, அவளுக்குப் பிடிச்சிருக்கு. குளிக்கிறதுக்கு முன்னால நல்லா பூசுங்க, சோப்பு போட்டுக் குளிப்பாட்டிக்கலாம். துணி கட்டுறப்ப மட்டும் வேணாம்" என்றாய். அன்றிலிருந்து என் எண்ணெய் நேரத்தைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தாய். நான் நீவிவிடுவேன், நீ குளிப்பாட்டுவாய். கவிதா வந்ததும், "துணியில பிசுக்கு ஏறியிருந்துச்சு, எடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னாய். அவள் அலமாரியில் இருந்த எண்ணெய்ப் போத்தலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா, டீ போடவா?" என்றாள். புத்திசாலிப் பெண். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நன்றாகவே அமைந்திருக்கிறீர்கள்.

இதற்குள் என் சொந்தக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் சொன்ன கசிவு எனக்கு நிற்கவில்லை. இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் ஈரம். என் பழைய கைலி ஒன்றைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொள்வேன். நீங்கள் எழுவதற்கு முன்னால் குளியலறையில் அதைத் துவைப்பேன். மில்லில் நீராவி பட்டால் எதுவும் சுத்தமாகிவிடும் என்று பார்த்து வளர்ந்தவன் ஆயிற்றே, கை பொறுக்கும் மட்டும் சூடான தண்ணீரில் முக்கி எடுப்பேன். அறையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி அதில் காயப்போடுவேன். வெயில் படாத மூலையில் எதுதான் காயும்? நெடி ஏறியது. முகப்பவுடரைத் தூவினேன், சாம்பிராணி போட்டேன். "அப்பாவுக்குத் திடீர்னு பக்தி ஜாஸ்தியாயிடுச்சு" என்று நீ கேலி செய்தாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த நேரத்தில்தான் ஆள்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் பெருமாள் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பப்பாளிப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தான். அவன் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நீ வீட்டு முன்னால், கார் நிற்கும் இடத்தின் கொடியில், யாழினியின் துணிகளை மாட்டிக்கொண்டிருந்தாய். காலை வெயில் அங்கேதான் விழும். அவன் மோட்டாரை நிறுத்தும்போதே ஆரம்பித்தான்.

"என்னா தம்பி, கோவணக் கடை போட்டிருக்க?"

"ஆமா மாமா. உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கவா? சைஸ் சொல்லுங்க" என்றாய் நீ.

"எனக்கு எதுக்கு லா? நான் என்னா படுக்கையில கெடக்குற கிழவனா?"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்ததில் எனக்கு நனைந்துவிட்டது. அவன் போகும்வரை அந்த பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு நான் எழவில்லை. வாசல் வரை கூட வழியனுப்ப வரவில்லை என்று அவனுக்கு வருத்தம், பிற்பாடு சொன்னான். நீ சொன்னது அவனுக்கு அடித்த நல்ல பதில், அதில் ஒரு தப்பும் இல்லை. நான் அங்கே எந்த நிலைமையில் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பிள்ளை நனைத்தால் அழகு, கிழவன் நனைத்தால் அசிங்கம், இந்த வீட்டில் இதற்கு மேல் இருக்கக் கூடாது என்று. பையில் துணியை எடுத்து வைத்தேன். கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் இருக்கிறது, உடனே கூப்பிடுகிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நீ, "சரி அப்பா" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் விடியும்போது அறையில் கிடந்த துணியையெல்லாம் ஒரேயடியாகத் துவைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பின்பக்கக் குழாயடிக்கு வந்தேன். வாளியில் சுடுதண்ணீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நீ கையில் யாழினியின் ஈரத் துணியோடு நின்றாய். வாளியை மறைக்க எனக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. தூக்கத்திலேயே என்னை எமன் கொண்டுபோயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன் தம்பி, பொய் சொல்லவில்லை. நீ என் பக்கத்தில் வந்து குந்தினாய். வாளியைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா, சுடுதண்ணி அப்புறம். முதல்ல பச்சைத் தண்ணி. எடுத்தவுடனே சுட வெச்சா நெடி துணியிலயே தங்கிடும்."

அவ்வளவுதான் சொன்னாய். சுடுதண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்தாய். என் துணியை எடுத்து, அவளுடையதை எப்படி அலசுவாயோ அப்படியே, அதே கையால், அதே வேகத்தில் அலசினாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. "இது பருத்தி, சீக்கிரம் காஞ்சிடும்" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "கவிதாகிட்ட சொல்லட்டுமா, வேணாமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். "சரி" என்றாய். பிறகு அதையெல்லாம் எடுத்துப்போய், வீட்டு முன்னால், காலை வெயில் விழும் கொடியில், அவளுடைய உள்பட்டைகளுக்கு நடுவில் மாட்டினாய். நான் உள்ளே வந்து பையைத் திறந்து துணியை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். குழாயடியில் வராத அழுகை அங்கே வந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். உனக்குக் கேட்டிருந்தாலும் கேட்காதது மாதிரிதான் இருந்திருப்பாய்.

நீ கவிதாவிடம் சொல்லவில்லை, வாக்கைக் காப்பாற்றினாய். ஆனால் கொடியிலிருந்து துணி எடுப்பவள் அவள். யாழினியின் துணிகளை மடித்து ஒரு பக்கம் வைத்தாள், என்னுடையதை மடித்து, விளிம்பை நீவிவிட்டு, என் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றும் பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை, "மாமா, ரசம் போதுமா?" என்றுதான் கேட்டாள். மருத்துவர் மறுபடி பார்த்து, ஆறிவிட்டது என்று சொல்லும்வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினேன். இதையெல்லாம் உனக்கு நன்றி சொல்வதற்காக எழுதவில்லை. அப்பன் மகனுக்கு நன்றி சொன்னால் நன்றாகவா இருக்கும்? நீ எப்படிப்பட்டவன் என்று உனக்கே தெரியாது, அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். ஒருவரைத் திருத்த வேண்டியிருந்தால் நீ துணியைப் பார்த்துப் பேசுகிறாய், முகத்தைப் பார்ப்பதில்லை. எண்ணெய் விஷயத்திலும் அப்படித்தான், வாளி விஷயத்திலும் அப்படித்தான். யாழினி வளர்ந்து தப்புச் செய்யும்போதும் அப்படியே இரு. உனக்கும் ஒரு நாள் வயதாகும், உன் உடம்பும் உன் பேச்சைக் கேட்காது. அப்போது என்னைப் போல அலமாரிக்குப் பின்னால் கயிறு கட்டாதே. இந்தக் கடிதத்தில் புத்திமதி என்றால் அது ஒன்றுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வரச் சொன்னபோது நான் ஏன் "பார்க்கலாம்" என்றேன் தெரியுமா? கோழி இருக்கிறது, கோயில் வேலை இருக்கிறது என்று சொன்னதெல்லாம் சும்மா. மருத்துவர் சொன்ன அந்தச் சிலரில் நானும் ஒருவன். முன்னைக்குக் குறைவுதான், ஆனால் நிற்கவில்லை, இனி நிற்காது என்று இப்போது அவரே சொல்லிவிட்டார். நோயாளியாக வந்து தங்குவது வேறு, ஒரேயடியாக வந்து தங்குவது வேறு. யாழினி துணியை விட்டுவிட்டாள், ஜட்டி போட்டுக்கொண்டு கழிவறைக்கு அவளே ஓடுகிறாள் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே நேரம், அவள் துணிக்கு ஒரு முடிவு இருந்தது, என் துணிக்கு அது கிடையாதே என்று மனதுக்குள் ஓடியது. முடிவில்லாத ஒரு வேலையை உன் கையிலும் அந்தப் பெண் கையிலும் கொண்டுவந்து வைப்பதா என்று நினைத்துத்தான் "பார்க்கலாம்" என்றேன்.

நான் அதை வாய் திறந்து சொல்லவே இல்லை. ஆனால் நீ அடுத்ததாகச் சொன்னாய்: "குட்டியோட துணியெல்லாம் யாருக்கும் கொடுக்கல அப்பா. உள்பட்டையெல்லாம் இன்னும் புதுசு மாதிரிதான் இருக்கு. கவிதா ரெண்டு ரெண்டா சேத்துத் தைக்கிறா, வெளிய பருத்தித் துணி வெச்சு, உங்களுக்கு. இடுப்பு அளவு தெரியாம நிக்கிறா. சைஸ் சொல்லுங்க." பின்னாலிருந்து கவிதா, "மாமா, சீக்கிரம் சொல்லுங்க, மெஷின்ல நூல் கோத்து வெச்சிருக்கேன்" என்று கத்தினாள். அப்போதுதான் போனை வைத்தேன்.

கோழிகளைப் பெருமாளிடம் விட்டுவிட்டேன். எதற்கு என்று கேட்டான், மகன் வீட்டுக்குப் போகிறேன், கோவணக் கடையில் எனக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்றேன். புரியாமல் விழித்தான். மந்தினுக்கு வந்தால் கொடியைப் பார், புரியும் என்று சொல்லியிருக்கிறேன். என் துணியை நானே அலசிக்கொள்வேன், முதலில் பச்சைத் தண்ணீரில்தான். கவிதாவிடம் சொல், இடுப்பு முப்பத்தாறு.